அதிகாரமும் வசனமும்: கத்தோலிக்கப் பள்ளியில் தேடிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

எட்டாம் வகுப்பில் ‘புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றி எழுதி வருக’ என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தால், நாற்பது பிள்ளைகளின் நோட்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வரும். முதல் பக்கத்தில் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படம். அடுத்து, பிரௌசிங் சென்டரில் அச்செடுத்து ஒட்டிய இரண்டு தாள். சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ‘பற்றி எழுது’ என்றால், யாரோ எழுதியதை எடுத்து வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. தேடுவதற்கு ஒரு கேள்வி வேண்டும், அது அவர்களிடம் கொடுக்கப்படவே இல்லை.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் நூலகம் இருக்கிறது, கால அட்டவணையில் லைப்ரரி பீரியடும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் வராத வகுப்பை அமைதியாக உட்காரவைக்கும் இடமாகவே அந்தப் பீரியட் பெரும்பாலும் கழிகிறது. தேடுவது, கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பது, எங்கே கண்டோம் என்று சொல்வது ஆகிய மூன்றையும் கணக்கைப் போலப் படிப்படியாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. முதல் பாடம் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது.

பிள்ளை கற்கும் முதல் மேற்கோள்

மறைக்கல்விக்குப் போகும் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் ‘லூக் 10:25-37’ என்று எழுதிக் கொடுத்தால், எந்தப் பக்கம் என்று கேட்காமலே நல்ல சமாரியர் உவமையை எடுத்துக் காட்டும். நூல், அதிகாரம், வசனம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் மேற்கோள் குறிப்பு. பதிப்பு மாறினாலும் பக்கம் மாறினாலும் இடம் மாறாது. நீ சொன்னது உண்மையா என்று அடுத்தவர் போய்ப் பார்க்க வழி விடுவதுதான் அதன் வேலை.

இந்த எண்கள் விவிலியத்தோடு பிறந்தவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் கற்பித்து, பின்னர் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1230களில் பாரிஸ் தொமினிக்கன் துறவிகள் ஹியூ ஆஃப் செயின்ட் ஷெர் தலைமையில் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவு தயாரித்தார்கள். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியல் அது. அப்போது வசன எண்கள் இல்லை. அதனால் ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தால் ஏழு பங்காகப் பிரித்து, ஏழு எழுத்துகளால் இடம் குறித்தார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் 1551இல் போட்டார். நூலின் கடைசியில் வரும் பொருளடைவைக் குழந்தைகளுக்குக் காட்டும் நாளில் இந்தக் கதையைச் சொன்னால், ‘இதெல்லாம் எதற்கு’ என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவராது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஒரு 45 நிமிடப் பீரியடில் இதை நடத்தலாம். இரண்டு பேருக்கு ஒரு திருவிவிலியமும் எட்டுத் துண்டுச் சீட்டுகளும் போதும். முதல் மூன்று சீட்டுகளில் நூலின் முழுப் பெயர், அடுத்த மூன்றில் சுருக்கக் குறியீடு, கடைசி இரண்டில் வழுக்கும் இடங்கள். கண்டுபிடித்ததும் அந்த வசனத்தின் முதல் மூன்று சொற்களை எழுத வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இருந்தால் ஆசிரியர் மேசை மேசையாக நடந்தபடியே திருத்திவிடலாம்.

வழுக்கும் இடங்களைத் தெரிந்தே வைக்க வேண்டும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘திப’ என்றால் திருத்தூதர் பணிகள், ‘திபா’ என்றால் திருப்பாடல்கள். ஒரு கால் எழுத்து விட்டுப்போனால் பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டுக்குத் தாவிவிடுவோம். ‘1 யோவா 4:8’ என்பதில் முன்னால் நிற்கும் 1ஐ விட்டுவிடுகிற பிள்ளை, ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்ற வசனத்தைத் தேடிப்போய், சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருந்த இடத்தில் வந்து நிற்கும். இந்தத் தவறை அது செய்யட்டும். ஒருமுறை அப்படி வழிதவறிய பிள்ளைக்கு, எண் என்பது அழகுக்குப் போடுவதல்ல என்று பிறகு சொல்லவே வேண்டாம்.

அடுத்த பாடம் பதிப்பு. பக்கத்து வீட்டுச் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) தோழியின் வேதாகமத்தில் தோபித்து ஆகமத்தைத் தேடினால் கிடைக்காது. கத்தோலிக்க விவிலியத்தில் நூல்கள் 73, அதில் 66. தொடக்கநூல் அங்கே ஆதியாகமம், திருவெளிப்பாடு அங்கே வெளிப்படுத்தின விசேஷம். பத்துக் கட்டளைகளின் எண்ணிக்கைகூட மாறும்: களவு செய்யாதே என்பது நமக்கு ஏழாவது, அவர்களுக்கு எட்டாவது. ‘ஆண்டவரே என் ஆயர்’ என்ற 23ஆம் திருப்பாடல், பழைய இலத்தீன் எண்முறையைப் பின்பற்றிய நூல்களில் 22 என்றிருக்கும். இரண்டும் சரியே. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று எழுதாவிட்டால்தான் சிக்கல். நூற்பட்டியலில் பதிப்பகமும் ஆண்டும் ஏன் கேட்கிறார்கள் என்பது இங்கேயே புரிந்துவிடுகிறது.

வகுப்பில் கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள், பல பள்ளிகளில் அவர்களே அதிகம். நன்னெறி வகுப்பில் அவர்களுக்கு இதே வேலையைத் திருக்குறள் செய்யும். ‘குறள் 423’ என்றால் எந்த அதிகாரம்? பத்துப் பத்தாகப் பிரித்தால் 42 அதிகாரங்கள் முடிந்து, 43ஆம் அதிகாரத்தின் மூன்றாம் குறள். அறிவுடைமை. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று தொடங்கும் குறள் அது, நூலக அறையின் கதவில் எழுதிவைக்கத் தகுந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அத்தியாயம், வசனம் என்று குர்ஆனைக் குறிக்கும் முறை வீட்டிலேயே பழக்கம். மூன்றையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

அகர வரிசை என்ற தடை

ஆங்கில அகராதியைச் சரளமாகப் புரட்டும் ஏழாம் வகுப்புப் பிள்ளை, தமிழ் அகராதியில் திணறுவதைப் பார்க்கலாம். க, ங, ச, ஞ என்ற வரிசை வாயில் இருக்கும், கையில் இருக்காது. குறிப்பாக மூன்று இடங்களில் தட்டும். ழ, ள, ற, ன ஆகிய நான்கும் வகரத்துக்குப் பிறகு வருகின்றன என்பது மறந்துபோகும். புள்ளி எழுத்தை எங்கே தேடுவது என்று தெரியாது. தமிழ்ப் பேரகராதியின் வரிசையில் ‘அக்கா’ முதலில், ‘அகம்’ பிறகு. ஜ, ஸ, ஹ போன்றவை எங்கே என்றும் குழப்பம் வரும். வாரத்துக்குப் பத்து நிமிடம், பத்துச் சொற்சீட்டுகளை வரிசைப்படுத்தும் பயிற்சியை ஆறு வாரம் செய்தால் இது தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் கலைக்களஞ்சியத்தையும் நூல்களின் பொருளடைவையும் கையில் கொடுப்பது வீண்.

இந்த வரிசைக்கும் கத்தோலிக்க மரபுக்கும் நேரான தொடர்பு உண்டு. நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுளாக, பொருள்வகையாக அமைந்து, மனப்பாடம் செய்வதற்கென்று இருந்தவை. இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக, சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. நினைவில் வைத்திருந்தவருக்கு மட்டும் கிடைத்த சொல், தேடத் தெரிந்த யாருக்கும் கிடைக்கத் தொடங்கியது. வீரமாமுனிவர் பெயரில் பேச்சுப்போட்டி வைக்கும் பள்ளிகள், அவர் செய்த இந்தக் காரியத்தையும் ஒரு வகுப்பில் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அலமாரிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் தூயி பகுப்பு எண்களில் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: 282.9ஐ 282.54க்கு முன்னால் வைப்பார்கள், 9ஐவிட 54 பெரியது என்று நினைத்து. 282 ரூபாய் 90 காசு, 282 ரூபாய் 54 காசு என்று சொன்னால் உடனே திருத்திக்கொள்வார்கள். ஆசிரியர் கவனிக்க வேண்டியது வேறொன்று. தூயி முறை 220 முதல் 280கள் வரை கிறிஸ்தவத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்ற சமயங்களை 290களில் அடைக்கிறது. இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் சமயங்களுக்குத் தனித்தனி இடம் உண்டு, கிறிஸ்தவம் அதில் ஆறாவதாக வருகிறது. எண்ணை மாற்றத் தேவையில்லை. அந்த 290களின் தட்டு வெறுமையாகவோ, நன்கொடையாக வந்த துண்டுப் பிரசுரங்களோடோ இருக்கக் கூடாது. கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடும் பிற சமயங்களோடான உறவு பற்றிய ஏடும் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியாயின. கத்தோலிக்கப் பள்ளி நூலகத்துக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்தும்.

கேள்வியைச் சிறிதாக்குவது

ஒன்பதாம் வகுப்பில் உண்மையான ஆய்வுப் பணியைத் தொடங்கலாம். ஆறு வாரம், வாரம் ஒரு பீரியட். முதல் வாரம் முழுவதும் கேள்விக்கே போக வேண்டும். ‘சவேரியாரைப் பற்றி’ என்பது கேள்வியே அல்ல. ‘சவேரியார் முத்துக்குளித்துறை மக்களிடம் எந்த மொழியில் பேசினார்?’ என்பது கேள்வி. இதற்கு ஒட்டவைக்க ஆயத்தமான பக்கம் கிடைக்காது, விடை தேடினால் கிடைக்கும்.

இயேசு சபை மறைப்பணியாளரான அவர் கோவாவுக்கு வந்தது 1542 மே மாதம். அதே ஆண்டு அக்டோபரில், தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தம் சபையினருக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. என் தாய்மொழி பாஸ்க், இவர்களுடையது மலபார், நாங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை என்று அதில் சொல்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைச் சேர்த்துச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதையும் எழுதுகிறார். ‘அவர் வந்தவுடனே சரளமாகத் தமிழ் பேசினார்’ என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் இந்தக் கடிதத்தையும் அருகருகே வைத்தால், முதன்மை ஆதாரம் என்றால் என்ன என்பதற்கு விளக்கமே வேண்டாம்.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘மலபார் மொழி’ என்று அன்றைய ஐரோப்பியர் சொன்னது தமிழைத்தான். 1578இல் கொல்லத்தில் இயேசு சபைக் குருவான அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட 16 பக்கத் தமிழ் மறைக்கல்வி நூலான தம்பிரான் வணக்கத்தின் முகப்பிலும் ‘மலபார்’ என்ற சொல் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடுகிறவர் பல பழைய ஆவணங்களைக் காணாமலே விட்டுவிடுவார். ஆகவே இரண்டாம் வாரத்தில் ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடிட்டு, இன்றைய சொல், பழைய சொல், ஆங்கிலச் சொல் என்று எழுதவைக்க வேண்டும்: தூத்துக்குடி, முத்துக்குளித்துறை, ஃபிஷரி கோஸ்ட். பத்து வரி நிரம்பிய பிறகுதான் கணினியைத் தொடலாம்.

மூன்றாம் வாரத்தில் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். நிறையக் கிடைக்கும், ஒன்றோடொன்று ஒத்துவராது, ‘டீச்சர், தலைப்பை மாத்திக்கட்டுமா?’ என்று வந்து நிற்பார்கள். அமெரிக்க நூலகவியல் பேராசிரியர் கேரல் குல்தாவ் மாணவர்களின் தேடல் படிகளை ஆராய்ந்து, கேள்வி தெளிவாகும் கட்டத்துக்குச் சற்று முன்னால் இந்தத் தயக்கம் எழுவது இயல்பு என்று காட்டியிருக்கிறார். தலைப்பை மாற்ற விடக் கூடாது. அந்த வாரம் ஒவ்வொரு பிள்ளையோடும் மூன்று நிமிடமாவது உட்கார்ந்து, ‘இதுவரை படித்ததில் எது உனக்கு ஒட்டவில்லை?’ என்று கேட்க வேண்டும். நல்ல கேள்வி பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் கிடக்கும்.

அமைதியின் கருவி

காலை வழிபாட்டில் நாள்தோறும் சொல்லப்படும் ஒரு செபத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘இறைவா, என்னை உமது அமைதியின் கருவியாக்கும்’ என்ற பொருளில் தொடங்குவது. புனித அசிசி பிரான்சிஸின் செபம் என்றே சுவரிலும் எழுதியிருக்கும். ‘இதை அவர் எழுதினார் என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்று பத்தாம் வகுப்பைத் தேடச் சொல்லலாம்.

வழி இப்படிப் போகும். ஐந்து இணையப் பக்கங்களைப் பார்த்து, ஒவ்வொன்றும் எந்த ஆதாரத்தைக் காட்டுகிறது என்று எழுதவேண்டும். பல பக்கங்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பிறகு பிரான்சிஸின் எழுத்துகளைத் தொகுத்த நூலின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். அதில் இந்தச் செபம் இல்லை. அடுத்து, இது அச்சில் கிடைக்கும் மிகப் பழைய ஆண்டைத் தேட வேண்டும். அது 1912. பாரிஸில் வந்த ஒரு சிறிய கத்தோலிக்க இதழில், பிரெஞ்சு மொழியில், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. பிரான்சிஸ் இறந்தது 1226இல்.

இப்படிப்பட்ட வேலை பிள்ளைகளின் பக்தியைக் குலைத்துவிடுமோ என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவது புரிகிறது. ஆனால் புனிதர் வரலாறுகளை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பதரை நீக்கும் பணியைத் திருச்சபைக்கு உள்ளேயே இயேசு சபையினரான பொல்லாந்தியர்கள் செய்துவந்திருக்கிறார்கள். அவர்களது புனிதர் வரலாற்றுத் தொகுதிகளின் முதல் பகுதி வந்தது 1643இல். செபம் நல்ல செபம், நாளையும் சொல்லலாம். சுவரில் இருக்கும் பெயரை மட்டும் திருத்த வேண்டும், அதைப் பிள்ளைகளே எழுதி ஒட்டட்டும்.

‘திருத்தந்தை சொன்னார்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் வாசகங்களுக்கும் இதே முறைதான். எந்த ஏடு, எந்த எண், எந்தத் தேதி? திருத்தந்தையரின் மடல்களும் சங்க ஏடுகளும் பத்தி எண்ணோடு வத்திக்கானின் இணையதளத்தில் இருக்கின்றன. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 எண்கள். எண் தராத மேற்கோளை எடுக்கக் கூடாது என்று ஒரு விதி போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் விவிலிய மேற்கோள்களிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். சொற்கள் சரியாகவும் எண் தவறாகவும், சில நேரம் இல்லாத வசனமாகவும் வரும். அச்சு விவிலியத்தில் திறந்து பார்க்காமல் நோட்டில் ஏற்றக் கூடாது.

துண்டுச் சீட்டு

காப்பி அடிப்பது எழுதும்போது நிகழ்வதாக நினைக்கிறோம். அது குறிப்பெடுக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. பிள்ளை வரிக்கு வரி நோட்டில் எழுதிக்கொண்டு வரும், இரண்டு வாரம் கழித்து அது யாருடைய வரி என்று அதற்கே தெரியாது. களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையையும் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையையும் நினைவூட்டுவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் இதைத் தடுக்காது.

ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு சீட்டு. இடது மூலையில் நூலின் அடையாளம்: ச1, ச2 என்று. வலது மூலையில் பக்கம் அல்லது பத்தி எண். நடுவில் ஒரே ஒரு கருத்து. நூலில் உள்ளபடியே எழுதினால் இரட்டை மேற்கோள் குறி கட்டாயம். சொந்தச் சொல்லில் எழுதுவதென்றால், படித்துவிட்டு நூலை மூடிவைத்து எழுத வேண்டும். திறந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொல்லை மட்டும் மாற்றினால் அதுவும் காப்பிதான். அடியில் ஒரு வரி: ‘என் கேள்விக்கு இது எதற்கு?’ அந்த வரி எழுத வராவிட்டால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரு பணிக்கு 15 முதல் 20 சீட்டுகள் போதும், மூன்று ஆதாரங்களுக்குக் குறையாமல். அடிக்கடி விட்டுப்போவது பக்க எண். அதனால் முதலில் மூலைகளை நிரப்பிவிட்டுத்தான் நடுவில் எழுத வேண்டும் என்று பழக்க வேண்டும்.

பங்குக் கோயிலும் ஓர் ஆவணக் காப்பகம்தான். ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதி சொல்கிறது. ஆனால் பதிவேட்டைப் பிள்ளைகளிடம் நேராகக் கொடுக்கக் கூடாது. உயிரோடிருப்பவர்களின் விவரம் அதில் இருக்கும், பழைய ஏடுகளில் சாதிப் பெயர்களும் இருக்கலாம். அதை எப்படிக் கையாள்வது என்று பங்குத்தந்தையும் ஆசிரியரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். அடிக்கல், மணியில் வார்த்த எழுத்து, கல்லறைக் கல்வெட்டு, ஜூபிலி மலர், திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவை பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதுமானவை. கோயில் கட்டிய ஆண்டு அடிக்கல்லில் ஒன்றாகவும் ஜூபிலி மலரில் வேறாகவும் இருந்தால், அதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்காது. கல் நாட்டியதா, மந்திரித்துத் திறந்ததா, பங்காக உயர்ந்ததா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள்.

மதிப்பெண் எதற்கோ, பிள்ளையின் உழைப்பும் அதற்கே போகும். 20 மதிப்பெண்ணில் அட்டைக்கும் அலங்காரத்துக்கும் எதுவும் வேண்டாம். கேள்விக்கு 3, சீட்டுகளுக்கு 7, ஆதாரப் பட்டியலுக்கு 4, எழுத்துக்கு 4, வாய்மொழிக்கு 2 என்று பிரிக்கலாம். வாய்மொழிக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். கட்டுரையில் ஏதாவது இரண்டு வாக்கியங்களை விரலால் தொட்டு, ‘இது எந்தச் சீட்டிலிருந்து வந்தது?’ என்று கேட்க வேண்டும். தானே தேடிய பிள்ளை சீட்டுக் கட்டைப் பிரித்து, ச2, பக்கம் 14 என்று எடுத்து மேசைமேல் வைக்கும்.